மூன்றாவது கார்டுக்காகக் காத்திருந்த மாதங்கள்

என் மனைவிக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. சர்க்கரை நோயால் போனது என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறோம். அது உண்மைதான். அந்தக் கண் போய்க்கொண்டிருந்த மாதங்கள் முழுக்க, எங்கள் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டை எப்போது மாற்றலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மை. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்பதை வெகு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

நான் இயற்பியல் ஆசிரியன். அரியலூரில் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீடு பெரம்பலூரில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்று இருபது வருஷங்களுக்கு மேல் போய் வந்தேன். ஒளியியல் பாடம் நன்றாக நடத்துவேன் என்று பெயர் இருந்தது. கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் கையை எடுக்காமல் வரைந்து முடிப்பேன். இதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் மகளுக்காக வாங்கியது. ஒரே மகள், திருச்சியில் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். கல்யாணமாகி பெங்களூர் போனபோது அதை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். போகுமுன் அம்மாவுக்கு ஒரு விமானம் ஓட்டும் கேமும் எனக்கு ஒரு கார் பந்தயமும் போட்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தாள். அம்மா ஒரு வாரத்தில் அலுத்துப்போவாள் என்றுதான் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் மனைவிக்குச் செந்துறைப் பக்கம். மழையை நம்பிய காட்டு விவசாயம் செய்த குடும்பம். எட்டாவது வரை படித்தவள், சைக்கிள்கூட ஓட்டியதில்லை. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது, விமானத்துக்கு எங்கே போவது? முதல் மாதம் முழுக்க அவள் விமானம் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஏர் ஓட்டிப் பழகிய குடும்பம், அதான் உழுது பார்க்கிறாய் என்று கேலி செய்தேன். "நீங்க மட்டும் கார ரோட்டுலயா ஓட்டுறீங்க? சுவத்துல தேச்சுக்கிட்டேதான போறீங்க" என்றாள்.

ஆனால் பழகிக்கொண்டாள். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவைத்ததும் வந்து உட்காருவாள். ஒரு மணி நேரம். வேகமாகப் பறப்பதில் அவளுக்கு விருப்பமில்லை. தாழ்வாக, வயல்கள் தெரியும் உயரத்தில் மெதுவாகப் போவாள். பெயர் தெரியாத ஏதோ ஒரு தேசத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே வருவாள். "இந்த ஊருல ஒருத்தன்கூட கெணறு வெட்டலிங்க. எப்படித்தான் வெளையுதோ" என்பாள். கல்யாணமான புதிதில் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தேன். மேலே நின்று கீழே பார்த்தபோது இப்படித்தான் இருந்தது என்று சொல்வாள். இறக்குவதில் மட்டும் அவளை மிஞ்ச முடியாது. ஓடுபாதையில் சக்கரம் பட்டதே தெரியாமல் இறக்குவாள். என் கார் பந்தயத்தில் நான் ஒரு முறைகூட முதலாவதாக வந்ததில்லை.

அந்த நாட்களில் எங்கள் கம்ப்யூட்டரில், திரைக்குப் படம் வரைந்து தரும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. மதர்போர்டிலேயே இருந்த சின்ன வசதிதான். நிலம் நனைந்த காலண்டர் தாள் மாதிரி குழம்பித் தெரியும். மரமே கிடையாது. பழைய பஸ் நிலையத்துக்கு அருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, கார்டு செருகும் ஸ்லாட் காலியாகத்தானே இருக்கிறது, ஒரு கார்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நாற்பது வயதுக்காரர். ரேடியோ, டிவி பழுதுபார்த்துக் கடைக்கு வந்தவர். அப்பா அம்மா கூலி வேலைக்குப் போனவர்கள் என்பதைத் தானே சொல்வார். கையில் எப்போதும் ஒரு பெயிண்ட் பிரஷ் இருக்கும், தூசி தட்ட. அவர் போட்ட முதல் கார்டில் நிலம் தெளிந்தது. இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது கார்டில் மரங்கள் வந்தன. "மரம் வந்துடுச்சு, மரம் வந்துடுச்சு" என்று அடுப்பை அணைக்காமல் வந்து நின்றாள்.

தண்ணீர்தான் பாக்கி. ஆறும் கடலும் நீல வண்ணம் அடித்த சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தன. "செத்த தண்ணி" என்பாள். புதிய கார்டுகளில் தண்ணீர் அசையும், வானம் அதில் தெரியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. நான் ஆசைப்பட்ட புதுக் கார் பந்தயம் ஒன்று அந்த மாதிரிக் கார்டு இல்லாமல் திறக்கவே மறுத்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. அறுபது வயது ஆள், ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்னவன், கார் பந்தயத்துக்காகக் கார்டு வாங்குகிறான் என்பது எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் கார்டு எப்போதும் அவளுக்காகத்தான் வேண்டியிருந்தது. கடைக்காரரிடமும் அப்படித்தான் சொல்வேன். மகளிடமும் அப்படித்தான்.

இங்கே கார்டு மாறும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். புதுக் கார்டைப் பெட்டியோடு வாங்குபவர்கள் எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு பேர்தான். அவர்களில் ஒருவர் அரியலூர் சிமெண்டு ஆலை ஒன்றில் இஞ்சினியர். அவர் புதிது போட்டால் அவருடைய பழைய கார்டு எனக்கு வரும். என்னுடையது செந்துறையில் ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோகிராபருக்குப் போகும். அவருடையது அவருக்குக் கீழே ஒருவருக்கு. கடைக்காரர் இந்த வரிசையை மனதிலேயே வைத்திருந்தார். ஒருவர் மாற்ற முடிவு செய்தால் நான்கு பேருக்கு மாறும். மேலே இருப்பவர் தயங்கினால் நான்கு பேரும் நிற்க வேண்டியதுதான். நான் அவசரப்படும்போதெல்லாம் அவர் ஒன்றே சொல்வார். "சார், முன்னாடி ஒக்காந்திருக்கவரு எறங்கினாத்தான சீட்டு காலியாவும்."

எனக்கும் அது பிடித்திருந்தது. புதிதாக வந்ததை ஓடிப்போய் வாங்குபவன் ஏமாளி, ஆறு மாதம் பொறுப்பவன் அறிவாளி என்பது என் கொள்கை. அதோடு அந்த வருஷம் ஸ்லாட்டே மாறிக்கொண்டிருந்தது. புதுக் கார்டுகள் எங்கள் மதர்போர்டில் ஏறாது. பழைய ஸ்லாட்டுக்கு வந்தவற்றிலேயே நல்ல கார்டு அந்த இஞ்சினியரிடம்தான் இருந்தது. அவர் முழுக் கம்ப்யூட்டரையும் மாற்றப்போகிறார் என்று கடைக்காரர் சொன்னதும், அதற்காகவே காத்திருப்பது என்று முடிவு செய்தேன்.

அது இரண்டாயிரத்து ஐந்து. வைகாசி மாத வெயில். ஒரு நாள் என் கார் பந்தயத்தில் திரை முழுக்க வண்ணச் சதுரங்களாகச் சிதறியது. கடைக்காரர் வந்து பார்த்தார். கார்டு சூடாகிறது, அதிலுள்ள மெமரி போய்க்கொண்டிருக்கிறது, புள்ளியும் கோடுமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அடுத்த கார்டு வரும் வரை தாங்கும் என்றார். ஃபேனைச் சுத்தம் செய்தார். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவைத்து, டேபிள் ஃபேனை அதை நோக்கித் திருப்பிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். வானத்துல பூச்சி பறக்குது."

போய்ப் பார்த்தேன். வானம் தெளிவாக இருந்தது. போய்விட்டதா என்று கேட்டேன்.

"இல்லியே, இருக்கு. நான் எங்க பாத்தாலும் கூடவே வருது."

நான் எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியவன். திரையில் இருக்கும் புள்ளி திரையில்தான் நிற்கும். பார்வையோடு நகரும் புள்ளி கண்ணில்தான் இருக்க முடியும். ஒரு பிளஸ் டூ மாணவனைக் கேட்டாலும் யோசித்துச் சொல்லியிருப்பான். அவள் அந்த ஒரு வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் குனிந்து கார்டின் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தேன்.

அவளுக்குச் சர்க்கரை வந்து அப்போது ஒன்பது வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சியில் கண்ணைக் காட்டச் சொல்லி எங்கள் டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியே கொடுத்திருந்தார். முதல் வருஷம் போனோம். இரண்டாவது வருஷம் மகளின் பிரசவம். அப்புறம் எங்களுக்கு அது நினைவில் இல்லை. எங்களுக்கு என்றா எழுதினேன்? அந்தச் சீட்டு என் மேஜை இழுப்பறையில் இருந்தது. எனக்கு நினைவில் இல்லை.

ஆனியில் ஒரு காலை சமையலறையில் இருந்து சொன்னாள், இட்லி ஊற்றும்போதும் பூச்சி தெரிகிறது, எது வெள்ளையாக இருந்தாலும் தெரிகிறது என்று. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவளை உட்காரவைத்து விளக்கம் சொன்னேன். வெளிச்சமான ஒன்றை வெகு நேரம் பார்த்தால் அதன் பிம்பம் கண்ணில் கொஞ்ச நேரம் தங்கும், தினமும் ஒரு மணி நேரம் கெட்டுப்போன கார்டோடு மானிட்டரைப் பார்ப்பதால் அந்தப் புள்ளிகள் கண்ணில் தங்குகின்றன, கார்டை மாற்றிவிட்டால் போய்விடும். நன்றாகத்தான் விளக்கினேன். அவள் கரண்டியில் மாவு சொட்டச் சொட்டக் கேட்டாள். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். கேலியா, நம்பிக்கையா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

அடுத்து ஆடி வந்தது. கடைக்காரர் கைவிரித்தார். இஞ்சினியரின் மனைவி ஆடி மாதம் வீட்டுக்குள் புதுச் சாமான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். நான் இதையெல்லாம் நம்பாதவன். வகுப்பில் கிண்டல் செய்தவன். ஆனாலும் ஒரு மாதம் பேசாமல் பொறுத்தேன். ஆவணியில் இஞ்சினியருக்கு வேண்டிய மாடல் சென்னையிலேயே கிடைக்கவில்லை. அதற்குமேல் பொறுக்காமல் பஸ் ஏறி அரியலூருக்கே போனேன், அவருடைய கார்டையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று. குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்து இலையெல்லாம் வெள்ளைப் பொடி. மனிதர் தங்கமானவர். டீ கொடுத்து, ஒரு கேமைப் போட்டுக் காட்டினார். கடல் அசைந்தது. ஒரு படகு போனால் பின்னால் தண்ணீர் பிளந்து போனது. இதைப் பார்த்தால் அவள் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அந்த நினைப்பில் பொய் இல்லை. பஸ்ஸில் வரும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைப் பற்றி அவளிடம் கதை கதையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள், "ஒரு எட்டு திருச்சிக்குப் போயி கண்ணயும் காட்டிட்டு வந்துடலாமாங்க?"

"கார்டு வரட்டும். அதுக்கப்புறமும் பூச்சி தெரிஞ்சா போவோம். ஒரே நேரத்துல ரெண்டையும் பண்ணிட்டா எதனால சரியாச்சுன்னு தெரியாம போயிடும்" என்றேன்.

ஆய்வகத்தில் பையன்களுக்குச் சொல்லும் விதி இது. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அதை என் மனைவியின் கண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன்.

இன்னொன்றும் உண்டு. ஆவணிக் கடைசியில் ஒரு மதியம் அவள் செந்துறைக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தாள். நான் அவளுடைய விமானத்தை எடுத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தையே பார்த்துக்கொண்டு பறந்தேன். கார்டு கொதித்தது. ஒரு புள்ளிகூட வரவில்லை. அப்போது எனக்குள் ஏதோ சுருக்கென்றது. சுருக்கென்றதை நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் ஓட்டும் முறையில் கார்டுக்கு வேலை அதிகம், தாழ்வாகப் பறப்பதால் மரங்கள் அதிகம், அதனால் சூடு அதிகம் என்று எனக்கு நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டேன். ஒரு மாணவன் அப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். எனக்குத் தெரியும். இஞ்சினியர் ஆயுத பூஜைக்குள் மாற்றிவிடுவதாக உறுதி சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

சொன்னபடியே பூஜைக்கு முந்தைய நாள் கார்டு வந்தது. ஃபேன் இறகுகளில் சிமெண்டுப் பொடி படிந்திருந்தது. கடைக்காரர் பிரஷ்ஷால் தட்டி, ஊதி, ஸ்லாட்டில் அழுத்தி மாட்டினார். வாத்தியாரம்மாதான் முதலில் உட்கார வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விமானம் ஏறி, வயலைத் தாண்டி, கடலுக்கு மேல் வந்தது.

"தண்ணி அசையுதுங்க" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. கடைக்காரர் ஏதோ தானே கடலை ஊற்றிவைத்த மாதிரி சிரித்தார். அப்புறம் அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே மெதுவாகச் சொன்னாள்.

"ஆனா பூச்சி போவலியே."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பழைய கார்டு அவர் கையில் இருந்தது, அடுத்து செந்துறைக்குப் போக வேண்டியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு, பூஜை வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

நான் அவளை எழுப்பி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்த சுவர் முன்னால் நிற்கவைத்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்க்கச் சொன்னேன். வைகாசியில் செய்திருக்க வேண்டிய சோதனை. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"பாதிச் சுவரு இல்லிங்க" என்றாள்.

மறுநாள் ஆயுத பூஜை. கண் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை, விஜயதசமியன்று உண்டு என்று போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் வழக்கம்போல் கம்ப்யூட்டருக்கும் அரிவாள்மணைக்கும் என் பழைய லென்ஸ் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்தாள். பொட்டு சில இடங்களில் ஓரமாக விழுந்திருந்தது. இத்தனை நாள் நான் அதையும் கவனித்ததில்லை. அதற்கு அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வெளிச்சம் கூசுகிறது என்று என் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். உள்ளே வெகு நேரம் பார்த்தார். விழித்திரையில் புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள் வெடித்துக் கசிந்திருப்பதாகவும், இடது கண்ணில் விழித்திரையே இழுபட்டு விலகிவிட்டதாகவும், வலது கண்ணிலும் அது ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னார். வலது கண்ணுக்கு உடனே லேசர் வைத்தால் காப்பாற்றலாம். இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் ஆசை வைக்காதீர்கள் என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான்கு மாதத்துக்கு மேல் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதே வந்திருந்தால் இரண்டு கண்ணும் நின்றிருக்கும் என்றார். ஏன் வரவில்லை?

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"நான்தாங்க சொல்லாம இருந்துட்டேன். சும்மா பூச்சிதானன்னு."

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். சர்க்கரை உள்ளவர்கள் இப்படி மறைக்கலாமா, பிள்ளைகளிடமாவது சொல்ல வேண்டாமா என்று. அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்களா இருக்கீங்க. இவங்கள நீங்களாச்சும் கேட்டிருக்கக் கூடாதா சார்?"

"கேட்டிருக்கணும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அவள் மறைத்தாள், நான் கேட்கத் தவறினேன் என்று ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. ஜன்னல் பக்கம் துண்டால் கண்ணை மறைத்து உட்கார்ந்திருந்தாள். "திட்டுனா நான் வாங்கிக்குவேன், எனக்குப் பழக்கம். நீங்க தாங்க மாட்டீங்க" என்றாள்.

இடது கண் தேறவில்லை. வலது கண் லேசரில் நின்றது. மகள் கைக்குழந்தையோடு பெங்களூரிலிருந்து வந்து மூன்று வாரம் இருந்தாள். அவளுக்கும் அதே பதில்தான் போயிற்று. அம்மா சொல்லாமல் மறைத்துவிட்டாள். அவள் அழுதாள், கோபப்பட்டாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் வேறு எது பேசினாலும் கடைசியில் அதற்கே வந்து நிற்பாள். இன்னும் எதையாவது மறைக்கிறாயா அம்மா, கால் மரத்துப்போகிறதா, சொல், மறைக்காதே. "இல்லடி. இனிமே சொல்லிடறேன். அப்ப புத்தி இல்லாம போயிடுச்சு" என்று இவள் பதில் சொல்வதைக் கூடத்தில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷம் கேட்டேன்.

வீட்டில் சில மாற்றங்கள் வந்தன. டபராவிலிருந்து டம்ளருக்குக் காப்பி ஆற்றும்போது வெளியே ஊற்றுவாள். ஒரு கண்ணால் தூரம் பிடிபடாது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். படியிறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தேடுவாள். ஆனால் திரையில் மட்டும் அவளுக்கு எந்தக் குறையும் வரவில்லை. தட்டையான திரையில் ஆழம் கிடையாது, இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான், அதனால் ஒரு கண் போதும். ஆறு மாதம் கழித்து டாக்டர் அனுமதித்ததும் விமானத்தை எடுத்தாள். அசையும் கடலைத் தாண்டிப் போய், முன்பு போலவே சக்கரம் பட்டது தெரியாமல் இறக்கினாள். நான் காரணத்தை விளக்கினேன். "ஒரு கண்ணு போதும்னா அப்பறம் எதுக்கு ரெண்டு வச்சான்?" என்று கேட்டாள். காப்பி ஆற்ற என்றேன். சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் ஆசைப்பட்ட கார் பந்தயத்தைப் போட்டுப் பார்த்தேனா என்றால், போட்டேன். மூன்று நாள் ஓட்டினேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு பரிசோதனைக்குத் திருச்சி போனபோது, இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். டாக்டர் சீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கையில், அன்றைக்கு இவள் சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன். இவள் முதல் வாரமே சொன்னாள், மூன்று தடவை சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றே கேட்டாள், நான்தான் கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொல்லி நிறுத்திவைத்தேன் என்றேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நடுவயது ஆள். "சரிங்க ஐயா. இனிமே கரெக்டா வந்துடுங்க" என்று அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்தப் பொண்ணு இங்கேருந்து மாறிப் போயி ஒரு வருஷமாச்சு. இவருக்கு என்னங்க தெரியும்? பாவம், முழிக்கிறாரு" என்றாள். பஸ் நிலையத்தில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றது. "சொல்லணும்னா சொல்ல வேண்டிய எடம் வேற இருக்கு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்ததும் நானே எடுத்தேன். மகளிடம் சொன்னேன். வைகாசி, ஆனி, ஆடி என்று மாத வாரியாகச் சொன்னேன். அம்மா செந்துறைக்குப் போயிருந்த அந்த மதியம் நானே ஓட்டிப் பார்த்ததையும், எனக்குத் தெரிந்துவிட்டதையும் சொன்னேன். கார்டு எனக்காகவும்தான் என்றேன். மறுமுனையில் குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. மகள் அதை உள்ளே அனுப்பிவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டு வருஷமா நான் அம்மாவத் திட்டிக்கிட்டிருக்கேன்பா. நீங்க பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க?"

"ஆமா" என்றேன்.

"அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். இந்தப் பக்கம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ம்... தெரியுண்டி... ஆமா, அப்பவே தெரியும்... நீ அழுவாத... அது கெடக்கட்டும் விடு... அவரு வேணும்னா செஞ்சாரு?" பிறகு பேச்சு குழந்தையின் பல்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று.

மகள் என்னோடு நேராகப் பேச ஏழெட்டு வாரம் ஆனது. பேச ஆரம்பித்ததும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். இன்று வரை நிற்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அம்மாவிடம் பேசுவதற்கு முன் என்னைக் கூப்பிடச் சொல்வாள். கடைசியாகக் கண் பார்த்தது என்றைக்கு, என்ன சொன்னார்கள், அடுத்தது என்றைக்கு, இந்த மாதம் அம்மா எதையாவது சொன்னாளா, என்ன வார்த்தையில் சொன்னாள். நான் நின்றுகொண்டுதான் பதில் சொல்வேன். நாற்காலி பக்கத்திலேயே இருக்கும், ஆனாலும் அந்த நேரத்தில் உட்காரத் தோன்றுவதில்லை. "சரி, குடுங்க" என்பாள். போனைக் கொடுக்கும்போது என் மனைவி அதை வாங்கக் கையை நீட்டுவாள். தூரம் பிடிபடாமல் கை காற்றில் கொஞ்சம் தள்ளிப் போகும். நான் அந்தக் கையைப் பிடித்து அதில் வைப்பேன்.